14 வருட மினி டிராக்டருக்கு எஞ்சின் வேலை பார்ப்பதா, கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவதா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன்: 18 எச்.பி. மினி டிராக்டர், நாலு வீல் டிரைவ், வாங்கி 14 வருடம். புகை தள்ளுகிறது, ஆயில் குறைகிறது. எஞ்சின் வேலைக்கு 65 ஆயிரம் கேட்கிறார்கள். வேலை பார்க்கலாமா, தள்ளிவிட்டுப் புதிது எடுக்கலாமா?

வேலை பாருங்கள். ஆனால் அந்த 65 ஆயிரத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பார்க்க வேண்டியது இருக்கிறது.

எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் நாலரை ஏக்கர். மஞ்சளும் வாழையும்தான் முக்கியம், தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் ஒரு ஏக்கர் நெல். 2009ல் அப்பா வாங்கிய மினி டிராக்டர் 2019 சித்திரையில் இதே மாதிரி படுத்துக்கொண்டது. எஞ்சின் வேலை பார்த்து நாலு வருடம் ஓட்டினேன். அப்புறம் 2023ல் அதைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்தேன். நீங்கள் கேட்கிற இரண்டையும் செய்து பார்த்தாயிற்று.

முதலில் வந்த மெக்கானிக் பத்தடி தள்ளி நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "ரிங்கு போயிருச்சுங்க, எஞ்சின இறக்கீரலாம்" என்றார். ரிங்கு என்றால் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம். எனக்கு மனசு ஒப்பவில்லை. சத்தி ரோட்டில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். அவர் வந்ததும் எஞ்சினைத் தொடவே இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி டயரில் இரண்டு தட்டுத் தட்டினார். மஞ்சள் காட்டுப் புழுதி ஒரு கைப்பிடி கொட்டியது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது கரும்புகை பாதியாகக் குறைந்துவிட்டது. அடடா, ஃபில்டர் செலவோடு போயிற்று என்று நான் சந்தோஷப்பட்டதை அவர் கண்டுகொள்ளவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வைத்தார். மூடி அங்கேயே நின்று கிடுகிடுவென்று ஆடியது. கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் துள்ளி எழுந்து மண்ணில் விழுந்தது. வாயிலிருந்து நீலமாகப் புகை குபுகுபு என்று வந்தது. "இப்பச் சொல்றேனுங்க, ரிங்குதான்" என்றார்.

மேலே எரிய வேண்டிய காற்று தேய்ந்த ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கினால்தான் மூடி அப்படித் துள்ளும். லேசாக நடுங்குவது எல்லாப் பழைய எஞ்சினிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். உங்கள் வண்டியில் இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள், காசு செலவில்லை. புகையின் நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பு என்றால் பெரும்பாலும் காற்று போதவில்லை, அல்லது டீசலைத் தூவும் நாசில் சரியாக வேலை செய்யவில்லை, அல்லது வண்டி தாங்காத பாரம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடான பிறகும் வெள்ளை வந்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்து, ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கட்டோடு (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) முடிந்தால் அது சின்னச் செலவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள், விடாமல் குமிழ் வந்தால் சந்தேகம் ஹெட் பக்கம்தான்.

இனி கணக்கு. எல்லோரும் 65 ஆயிரத்தை வண்டியின் இன்றைய விலையோடு வைத்துப் பார்ப்பார்கள். "ஒன்றரை லட்சம் போகிற வண்டிக்கு 65 ஆயிரமா?" என்று என் மச்சானும் கேட்டார். எனக்கு அது தப்பான தராசு என்று படுகிறது. வண்டியின் விலை அதை விற்கும் அன்றைக்குத்தான் பேச்சு. அதுவரை, இந்த வேலை செய்யாவிட்டால் அந்த உழவுக்கு நான் என்ன கொடுப்பேன் என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரில் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரோடு மினி டிராக்டர் வாடகை மணிக்கு 900. எனக்கு வருடத்தில் 150 மணி நேரம் ஓடும், ஆக வாடகை வண்டி வைத்து ஓட்டினால் 1,35,000. சொந்த வண்டியில் அதே 150 மணிக்கு டீசல் மணிக்கு மூன்று லிட்டர் வைத்தாலும் 42 ஆயிரத்தைச் சுற்றித்தான் வரும். மீதியை நினைத்தால் எஞ்சின் வேலைக் காசு ஒரே வருடத்தில் திரும்பிவிடுகிறது.

புதிது எடுத்தால்? ஐந்தரை லட்சம் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழசு ஒன்றரைக்குப் போனால் மீதி நாலு லட்சம் கடன். 11 சதவீத வட்டியில் முதல் வருட வட்டியே 40 ஆயிரத்தைத் தொடும். அசல் தனி. எஞ்சின் வேலைக் காசில் பாதிக்கு மேல் முதல் வருட வட்டியாகவே கட்டிவிடுவீர்கள்.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும். வருடத்துக்கு 30, 40 மணி நேரம்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் வேலையும் வேண்டாம், புதிதும் வேண்டாம். வண்டியைக் கொடுத்துவிட்டு வாடகை வண்டி வைத்து ஓட்டுங்கள். தென்னைக்கு வருடம் இரண்டு உழவு ஓட்ட ஒரு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து, ஒவ்வொரு தடவையும் பேட்டரி இறங்கிப்போய் ஆள் விட்டுத் தள்ளுகிறவர்களை எனக்கே நாலைந்து பேரைத் தெரியும்.

சரி, வேலை பார்க்கிறீர்கள் என்றால் 65 ஆயிரத்தில் என்னென்ன வருகிறது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இங்கேதான் எனக்குச் சூடு பட்டது. லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழல்), பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், கேஸ்கட் செட், வால்வு வேலை எல்லாம் சொல்வார்கள். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். அதைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி அளவு பார்த்தால்தான் தெரியும். லேசான தேய்மானம் என்றால் கால் மில்லிமீட்டர் அரைத்துவிட்டு அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். முன்பே அரைத்து அரைத்து அளவு தாண்டிய கிராங்க் என்றால் புதிதுதான் வாங்க வேண்டும், மதிப்பீடு அங்கேயே எகிறிவிடும். என் வண்டியில் கால் மில்லியோடு தப்பித்தேன். ஆனால் டீசல் பம்பையும் நாசிலையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சரிபார்க்கும் செலவைப் பட்டறைக்காரர் கணக்கில் சேர்க்கவே இல்லை. 55 ஆயிரம் என்று ஆரம்பித்தது 71 ஆயிரத்தில் நின்றது. ஆகவே உங்கள் 65ஐ 80, 85 என்று மனசில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று. இந்தச் சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் தனிச் சேஸ் கிடையாது. எஞ்சினும் கியர் பாக்ஸும்தான் உடம்பு. எஞ்சினை எடுக்க வேண்டுமென்றால் கிளட்ச் ஹவுசிங்கில் வண்டியை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அப்படிப் பிரித்துக் கிடக்கும்போது கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல் மூன்றையும் பாருங்கள். "இன்னும் ஒரு வருடம் வரும்" என்கிற கிளட்ச் பிளேட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு வருடம் கழித்து அதற்காகவே மறுபடி பிரித்தால் கூலி முழுசாக மறுபடி. ரேடியேட்டரையும் இறக்கிச் சுத்தம் செய்துவிடுங்கள். புது ரிங் போட்ட எஞ்சின் சூடேறினால் எல்லாம் வீண்.

ஆனால் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் பின்பக்கம் போய் நில்லுங்கள், ஏனென்றால் வேண்டாம் என்று சொல்ல வைக்கும் விஷயங்கள் அங்கேதான் இருக்கின்றன. கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். சேற்றுழவு ஓட்டிய வண்டி என்றால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும், ஆயில் வெளுத்திருக்கும். வடித்ததில் இரும்புத்தூள் மினுமினுத்தால் கவலைப்படுங்கள், சில்லுச் சில்லாக வந்தால் நிறுத்திவிடுங்கள். முன் ஆக்சிலுக்கும் இதே சோதனை. ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து எஞ்சினை ஆஃப் செய்யுங்கள், டீ குடித்து முடிப்பதற்குள் தரையைத் தொட்டுவிட்டால் அதைத் தூக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் லிஃப்டிலும் வேலை இருக்கிறது. அதற்கு சீலோ ஓ-ரிங்கோ போதும் என்றால் பரவாயில்லை. கியர் உழவில் தானாக நியூட்ரலுக்கு வருவது, பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் கியர் உறுமுவது, ஹவுசிங்கில் விரிசல், இவற்றில் ஏதாவது இருந்தால் எஞ்சினில் ஒரு ரூபாய் போடாதீர்கள். வார்ப்பிரும்பில் விட்ட விரிசலை வெல்டிங் வைத்து ஓட்டினவர்கள் எல்லோரும் அதே இடத்தில் திரும்ப வெல்டிங் வைத்தார்கள். தேய்கிற சாமானை மாற்றலாம், உடம்பே போனால் என்ன செய்ய?

ஸ்பேர் கிடைக்கிறதா என்பதும் இதே அளவு முக்கியம். ஸ்பேர் கடைக்குப் போன் போட்டு லைனர் கிட், கிளட்ச் பிளேட், முன் ஆக்சில் சீல் மூன்றையும் விலை கேளுங்கள். மூன்றும் ஒரு வாரத்தில் வருமென்றால் வண்டிக்கு ஆயுசு இருக்கிறது. "ஆர்டர் போட்டா வருங்க" என்று இழுத்தால் வைகாசியில் மஞ்சள் நடவுக்கு நிலம் காத்துக்கிடக்கும்போது வண்டி ஷெட்டில் கிடக்கும்.

அப்புறம் நான் ஏன் விற்றேன் என்று கேட்பீர்கள். வண்டி கெடவில்லை, என் இடுப்புதான் கெட்டது. பவர் ஸ்டீயரிங் இல்லாத நாலு வீல் டிரைவை வாழைக்குள் வளைத்து வளைத்து ஓட்டி, 2023 தையில் படுக்கையில் இருந்து எழ முடியவில்லை. கூட வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பியும் திருப்பூருக்குப் போய்விட்டான். பவர் ஸ்டீயரிங் உள்ளதாக 27 எச்.பி. எடுத்தேன். 45 எச்.பி.யே எடு, வாடகைக்கும் போகலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆறடி இடைவெளி வாழைக்குள் ஆறடி அகல வண்டியை எப்படி விடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நீங்களும் புதிது எடுப்பதானால் விலைப்பட்டியலுக்கு முன்னால் டேப்பை எடுத்து வரிசையை அளந்துகொள்ளுங்கள்.

பழைய வண்டி நல்ல விலைக்குப் போனதற்கு அந்த எஞ்சின் வேலைதான் காரணம். புகை தள்ளும் வண்டியைப் புரோக்கரிடம் காட்டினால் 65 ஆயிரம் வேலைக்கு ஒரு லட்சம் கழிப்பார். ஆர்.சி.யையும் பாருங்கள், 15 வருடம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். உங்களுடையது 14ல் இருப்பதால் விற்கும் பேச்சில் இதையும் ஒரு காரணமாக வைத்து விலையை அடிப்பார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகியிருக்கிறது, டிராக்டர் டயருக்கு 18லிருந்து 5. ஆகப் புது வண்டிக்காரர்கள் "இப்பத்தான் சரியான நேரம்" என்பார்கள். டயரும் குறைந்திருப்பதால் பழசை வைத்திருப்பவருக்கும் லாபம்தான். (நாலு வீல் டிரைவில் பின் டயரை மொட்டையாக வைத்துக்கொண்டு முன் டயரை மட்டும் புதிதாகப் போடாதீர்கள். சுற்றளவு ஒத்துப்போகாமல் முன் ஆக்சில் கியர் முறுக்கிக்கொள்ளும்.) மானியம் என்றால் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40, அதுவும் உச்சவரம்போடு. இந்த வருடப் பட்டியலில் மினி டிராக்டர் இருக்கிறதா, உங்கள் வட்டாரத்துக்கு நிதி மிச்சம் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் என் கணக்கு மாறும், அப்போது புதிது எடுப்பதில் தப்பில்லை.

பின்பக்கம் சுத்தமாக இருந்தால், மஞ்சள் வெட்டி முடித்த கையோடு பங்குனியில் வண்டியைப் பட்டறையில் விடுங்கள். உழவு நேரத்தில் விட்டால் அவசரத்துக்கு எதையாவது மாட்டி அனுப்பிவிடுவார்கள். பிரிக்கும் அன்றைக்குக் கூடவே நில்லுங்கள், கிராங்க் அளவை லேத்காரர் சீட்டில் எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய சாமான்களைச் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். எங்கள் பழைய பிஸ்டன் ஒன்று இன்னும் திண்ணையில் இருக்கிறது, அம்மா கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.