மான்செஸ்டர் தோற்கடித்த மனிதர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அபினிப் போர்கள் பற்றிய உங்கள் கட்டுரையை நானும் நண்பர் ஒருவரும் படித்தோம். பேரரசு என்பது லண்டனில் சில பிரபுக்களும் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து நடத்திய வேலை, சாதாரண ஆங்கிலேயருக்கு எதுவும் தெரியாது, தெரிந்திருந்தால் ஓட்டுப் போட்டே தடுத்திருப்பார்கள் என்கிறார் அவர். அப்படிச் சொல்ல முடியுமா?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

1857 என்றதும் நமக்கு மீரட்தான் ஞாபகம் வரும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு பிரிட்டனில் ஒரு பொதுத்தேர்தல் நடந்தது. ‘சீனத் தேர்தல்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். உங்கள் நண்பர் அதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1856 அக்டோபரில் சீனாவின் காண்டன் துறைமுகத்தில் ‘ஆரோ’ என்ற சிறு கப்பலில் சீன அதிகாரிகள் ஏறி, கடற்கொள்ளைச் சந்தேகத்தில் 12 மாலுமிகளைப் பிடித்துப்போனார்கள். மாலுமிகள் சீனர்கள், கப்பல் முதலாளியும் சீனர். ஹாங்காங்கில் பதிவு செய்திருந்ததால் பிரிட்டிஷ் கப்பல் என்று கணக்கு. அந்தப் பதிவும் முந்தைய மாதமே காலாவதியாகிவிட்டது. ஹாங்காங் கவர்னர் ஜான் பௌரிங்குக்கு இது தெரியும். சீனர்களுக்குத் தெரியாது என்று தன் கான்சலுக்கு எழுதியும் வைத்தார். அப்புறம் பிரிட்டிஷ் கடற்படை காண்டன் நகரத்தின் மீது குண்டு வீசியது. இரண்டாம் அபினிப் போர் இப்படித்தான் தொடங்கியது. இந்த பௌரிங் ஆங்கிலத் தத்துவஞானி பெந்தமின் சீடர், தடையற்ற வணிகம் பேசியவர், அதே கொள்கைக்காகப் போராடிய எம்.பி. ரிச்சர்ட் காப்டனின் பழைய நண்பர். கெட்டவர்கள் எல்லாம் ஒரே கட்சியில் இருந்திருந்தால் வரலாறு எழுதுவது எவ்வளவு சுலபம்!

காப்டனே நண்பருக்கு எதிராக நாடாளுமன்றத்தின் மக்கள் சபையில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். அரசியல் எதிரிகளான கிளாட்ஸ்டனும் டிஸ்ரேலியும் ஒரே பக்கம் நின்றார்கள். நான்கு இரவுகள் விவாதம். மார்ச் 3 அன்று 263க்கு 247 என்ற கணக்கில் பிரதமர் பாமர்ஸ்டனின் அரசு தோற்றது. பிரபுக்கள் சபை என்ன செய்தது தெரியுமா? அங்கே அதே மாதிரித் தீர்மானம் வந்து, அரசுதான் ஜெயித்திருந்தது.

பாமர்ஸ்டன் அசரவில்லை. நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு மக்களிடம் போனார். காண்டனில் ஆணவம் பிடித்த ஒரு காட்டுமிராண்டி நம் கொடியை அவமதித்துவிட்டான் என்பதுதான் பிரசாரம். கப்பல் பதிவு காலாவதியான கதையெல்லாம் சபையிலேயே அலசப்பட்டு, பத்திரிகைகளில் பத்தி பத்தியாக வந்திருந்தது. பத்திரிகை முத்திரை வரி 1855இல் ஒழிந்துவிட்டதால் ஒரு பென்னிக்குப் பேப்பர் கிடைத்த காலம். தெரியாமல் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்ல வழியே இல்லை.

பாமர்ஸ்டன் ஜெயித்தார். காப்டன் ஹடர்ஸ்ஃபீல்டில் தோற்றார். ஜான் பிரைட் தோற்றது மான்செஸ்டரில். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டத்தை 1846இல் ஒழிக்கவைத்த இயக்கத்தின் தலைமையகம் அந்த ஊர். அந்த இயக்கத்தின் குரலே பிரைட்தான். ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போரை அவர் எதிர்த்ததில் ஏற்கெனவே ஊருக்குக் கோபம். அதோடு பஞ்சாலை ஊருக்குச் சீனா என்றால் தன் துணி இன்னும் சரியாக விற்காத பெரிய சந்தை. வணிகம் வளர்ந்தால் போர் குறையும் என்று காப்டனும் பிரைட்டும் உண்மையிலேயே நம்பினார்கள். அவர்களுடைய ஆட்களோ, வணிகம் வளர ஒரு போர் நடந்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்குப் போய்விட்டார்கள். காப்டன் இதை எதிர்பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

சரி, உங்கள் நண்பருக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். அந்தத் தேர்தலில் ஓட்டு இருந்தது சொத்துத் தகுதி உள்ள ஆண்களுக்கு மட்டும், வயதுவந்த ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. ரகசிய வாக்கு 1872இல்தான் வந்தது; அதுவரை எல்லார் முன்னாலும் பெயர் சொல்லி ஓட்டுப் போட வேண்டும். தறியில் நின்ற தொழிலாளி என்ன நினைத்தார் என்பதை இந்தத் தேர்தலை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கடைக்காரரும் துணி வியாபாரியும் பிரபுக்கள் அல்லவே.

காண்டன் பிடிபட்டதும், பாமர்ஸ்டன் ‘காட்டுமிராண்டி’ என்ற அங்கிருந்த ஆளுநர் யே மிங்சென்னைக் கைதியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். 1858இல் அபினி இறக்குமதிக்குச் சீனா வரி வைத்துச் சட்டபூர்வ அனுமதி தர வேண்டியதாயிற்று. மறு வருடம் யே கல்கத்தாவிலேயே இறந்தார். வங்காள அபினியை அரசு ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஊர் அது.