எதிர்மாடிக்காரர் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு நிற்கிறாரே, அது துக்கமா? போய்க் கேட்கலாமா?

கேட்க வேண்டாம். எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் காலையில் குளித்துவிட்டு மொட்டைமாடிக்கு வந்து கைப்பிடிச்சுவரில் சோறு வைக்கிறார், காகம் வாய்வைக்கும்வரை நகர்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

காகத்துக்கு வைப்பதை மட்டும் பார்த்து இழவு என்று முடிவுகட்ட முடியாது. சனிக்கிழமை மட்டும் எள்ளுச்சோறு என்றால் அது சனி பகவானுக்கு. அமாவாசைக்கு மட்டும் என்றால் முன்னோருக்கு. தினமும் வைப்பது பல வீடுகளில் மாமியார் காலத்துப் பழக்கம். வைத்து, 'கா கா' என்று கூப்பிட்டதும் இறங்கிவிடுவார்கள், அடுப்பில் வேலை கிடக்கும். இவர் நின்று பார்ப்பதால் அண்மையில் யாரையோ பறிகொடுத்தவராக இருக்கலாம். தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை, பொங்கலுக்கு வாசலில் கோலமில்லை என்றால் ஏறக்குறைய உறுதி. தலைத்திவசம், அதாவது முதல் வருடத் திதி, வரை அப்படித்தான் இருப்பார்கள்.

அவர் கையில் இருப்பது மீந்த சோறு அல்ல. வடித்த பானையில் யாரும் வாய்வைக்கும் முன் எடுத்த ஒரு கைப்பிடி, மேலே கொஞ்சம் பருப்பு, ஒரு சொட்டு நெய். சங்கப் பாட்டிலேயே காக்கைச் சோற்றுக்குப் 'பலி' என்றுதான் பெயர், படையல் என்ற பொருளில். எச்சில் பட்டால் பலி ஆகாது. சுவரில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, வாழையிலைத் துண்டில் வைப்பார்கள். பலர் தெற்குப் பார்த்து நிற்பார்கள், அது தென்புலத்தார், அதாவது முன்னோர், திசை. சில நாள் சோற்றோடு ஒரு வடையோ அப்பளமோ இருந்தால், போனவருக்குப் பிடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

காகம் நேராக வந்து கொத்தாது. பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும், பக்கவாட்டில் இரண்டு தத்து தத்தும், நெய் பட்ட உருண்டையைக் கவ்விக்கொண்டு அடுத்த சுவருக்குப் பறக்கும். அந்த முதல் வாய்தான் கணக்கு. அதற்குப் பிறகுதான் அவர் கீழே போய்க் காபி குடிப்பார்.

வராவிட்டால்தான் சங்கடம். போனவருக்கு ஏதோ குறை என்று மனம் அடித்துக்கொள்ளும். 'பிள்ளையைப் பார்த்துக்கறேன், வந்து எடுத்துக்கோ' என்று வாய்க்குள் சொல்வார்கள். உதடு அசைவது அதற்குத்தான். நடைமுறைக் காரணங்கள் வேறு. சோறு ஆவி பறக்கச் சூடாக இருந்தால் தொட்டுவிட்டு ஓடும். இலை காற்றில் படபடத்தால் கிட்ட வராது, ஓரத்தில் ஒரு கூழாங்கல் போதும். அருகில் கறுப்புப் பிளாஸ்டிக் பை தொங்கினால் செத்த காகம் என்று மிரண்டு கூட்டம் கூடிக் கத்துவதும் உண்டு. புது இடத்தில் வைத்தால் பழக நாளாகும். உலர்ந்த அரிசி போட்டால் புறாக்கூட்டம் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பங்குக்கு, அந்தப் பத்து நிமிடம் உங்கள் மாடியில் துணி உதறாதீர்கள், போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு: காகம்தானே என்று தங்கள் வீட்டுப் பழைய சோற்றையோ மீன்முள்ளையோ அதே நேரத்தில் தங்கள் சுவரில் போடுவது. காகம் இந்தப் பக்கம் வந்துவிடும், அங்கே அவர் காலி இலையைக் காவல் காப்பதுபோல் நிற்பார். போடுவதானால் மதியத்துக்கு மேல் போடுங்கள். காகம் எச்சமிட்டு உங்கள் துணி பாழானால், கொடியை மாற்றிக் கட்டுங்கள். புகார் இந்த வருடம் வேண்டாம்.

பேச ஆசையாக இருந்தால் மாடியில் பேசாதீர்கள். தெருவில், பால் வாங்கும் இடத்தில், வேறு விஷயம் பேசுங்கள். துக்க வீட்டில் பலகாரம் சுடமாட்டார்கள் என்பதால் தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் கொடுப்பது வழக்கம்; ஒரு தட்டு முறுக்கோடு போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கொஞ்சம் பழகியபின், 'ஊருக்குப் போறதா இருந்தா சொல்லுங்க சார், காக்காவுக்கு நான் வெச்சிடறேன்' என்று சொல்லிவையுங்கள். ஒப்புக்கொண்டால் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வடிக்கிற அன்றைக்கு உப்புப் பார்க்கிறேன் என்று வாயில் போட்டுவிடாதீர்கள்.