இடுப்பெலும்பு முறிந்து முதியோர் இல்லத்தில் இருக்கும் 81 வயது அம்மாவுக்கு இனிப் பயிற்சி கொடுத்துப் பயன் உண்டா?

விழுந்து, ஒப்பரேஷன் முடிந்து, திருகோணமலையில் ஓர் இல்லத்தில் மூன்று மாதமாகக் கட்டிலோடு அம்மா கிடக்கிறா, "இந்த வயதில் பிசியோவுக்குக் காசு கொட்டுவது வீண்" என்று அண்ணா சொல்கிறார், அது சரியா என்று வெளிநாட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. நான் இதே ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். டாக்டரும் இல்லை, இயன்மருத்துவரும் (பிசியோ) இல்லை. குளிக்க வார்ப்பது, சாப்பாடு கொடுப்பது, இரவில் திருப்பிப் படுக்க வைப்பது என் வேலை. அந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பொஸ்டனில் ஓர் இல்லத்தில், சராசரி 90 வயதுள்ளவர்களுக்கு 8 கிழமை கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளிவந்த ஆய்வு அது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோல் இல்லாமலே நடந்தார்கள். சதைக்கு வயது போனாலும் வேலை கொடுத்தால் அது திரும்ப வளரும். வேலை கொடுக்காவிட்டால் கரைகிற வேகமும் பயங்கரம்: நல்ல சுகமாக இருக்கும் வயதானவர்களே 10 நாள் படுக்கையில் கிடந்தால் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விடுகிறது. உங்கள் அம்மா கிடப்பது மூன்று மாதம். இப்போது அவவைக் கட்டிலில் வைத்திருப்பது பெரும்பாலும் முறிந்த எலும்பு இல்லை, கரைந்த சதையும் விழுந்துவிடுவேன் என்ற பயமும்தான். ஆனாலும் அந்தக் காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று ஒப்பரேஷன் செய்த டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

எனக்கு இது புரிய ஓர் ஐயா காரணம். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போன மனிதர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு எங்களிடம் வந்தார். எனக்கு அவரில் நல்ல பட்சம். கை நடுங்குகிறதே என்று நானே ஊட்டினேன், நானே சாரம் கட்டிவிட்டேன், மலசலகூடம் தூரம் என்று பம்பஸும் போட்டுவிட்டேன். ஆறு மாதத்தில் அவருடைய வலக்கை விரல்கள் மடங்கி இறுகிப்போயின. ஒருநாள் வந்த இயன்மருத்துவர் அந்தக் கையை மெல்ல விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா: "தங்கச்சி, இந்தக் கைக்கு நீங்கள் கடைசியாக எப்ப வேலை குடுத்தனீங்கள்?" என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

பிறகு அவ ஐயாவிடம், "உங்களுக்குத் திரும்ப என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டா. நடக்க வேண்டும் என்று சொல்வார் என்று நினைத்தேன். "என்ரை சாரத்தை நானே கட்ட வேணும்" என்றார். அதையே பயிற்சியாக்கினோம். விரல்களை வெந்நீரில் வைத்து நீட்டுவது, மடித்த துவாயைப் பிடித்திருப்பது, பிறகு சாரத்தின் ஒரு தலைப்பை வலக்கையால் வயிற்றோடு அமர்த்திக்கொண்டு இடக்கையால் சுற்றிச் செருகுவது. நாலு மாதம் எடுத்தது. சாரத்தைத் தானே அவிழ்க்கவும் கட்டவும் முடிந்ததும் மலசலகூடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லித் தானே கேட்கத் தொடங்கினார். பகலில் பம்பஸ் நின்றது. நடை கடைசிவரை வோக்கரோடுதான். அவருக்கு அதில் கவலை இருக்கவில்லை.

இயன்மருத்துவர் கிழமையில் இரண்டு மணித்தியாலம் வருகிறார் என்று வைப்போம். கிழமைக்கு 168 மணித்தியாலம். மிச்சம் 166உம் பராமரிக்கிறவர்கள் கையில். அவர் சொல்லிக்கொடுத்ததை அந்த நேரத்தில் நாங்கள் அழித்துவிடவும் முடியும், வளர்க்கவும் முடியும். சட்டைப் பொத்தானை நான் பூட்டினால் அரை நிமிடம். அம்மா பூட்டினால் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடம்தான் வைத்தியம். ஆள் குறைவான இல்லங்களில் இது லேசில்லை, எனக்குத் தெரியும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் செய்ய ஏலாது. ஒருவருக்கு ஒரு வேலையைத் தெரிந்தெடுத்து நாள் தவறாமல் செய்யலாம்.

உங்கள் அம்மாவுக்கு நான் முதலில் கேட்பது கதிரை. பெரும்பாலான இடங்களில் பிளாஸ்டிக் கதிரைதான். உயரம் குறைவு, பின்னுக்குச் சாய்ந்திருக்கும், கையூன்றி எழும்பினால் வழுக்கும். இருக்கிற பலகை முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே வருகிற, கைபிடி வைத்த பாரமான மரக்கதிரை ஒன்றைத் தச்சரிடம் செய்து கொடுங்கள். ஒருவர் முன்னால் நிற்கும்போது அம்மா அதிலிருந்து எழும்பித் திரும்ப உட்காருவது, முதலில் மூன்று தரம், பிறகு ஐந்து, காலையும் பின்னேரமும். கட்டிலிலிருந்து சடாரென்று எழுப்பக் கூடாது. இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் கால் தொங்க இருக்கட்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். கமக்கட்டில் கைபோட்டு இழுக்க விடாதீர்கள், தோள் கெட்டுப்போகும். வலி மாத்திரை கொடுப்பதென்றால் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முந்தி. நெஞ்சு நோவு, மூச்சு வாங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டால் நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சாப்பாடும் பாருங்கள். கஞ்சியும் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் சதையை வளர்க்காது. வயதானவர்களுக்கு உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். நம்மூரில் மீனுக்கு என்ன குறை? முள் எடுத்த மீன், முட்டை, பயறு. சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு.

எல்லாரும் எழும்பி நடப்பார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். சிலருக்கு மூட்டு இறுகாமல், படுக்கைப்புண் வராமல், நோவில்லாமல் வைத்திருப்பதே நாங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை. உங்கள் அம்மா எந்தப் பக்கம் என்று கட்டிலில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

நீங்கள் அம்மாவோடு வீடியோவில் கதைப்பது இங்கே இரவிலா? அதைக் காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். முகம் கழுவி, தலை இழுத்து, கதிரையில் இருத்தி போனைக் கொடுக்கச் சொல்லி இல்லத்தில் கேளுங்கள். மகளோடு கதைக்கிற அரை மணித்தியாலமும் அவ முதுகு நிமிர்ந்து இருப்பா.