பெயிண்ட்பாலோ, ஏர்சாஃப்டோ?

கேள்வி: வாற மாதம் கனடா போறன். மூத்த மச்சான் பெயிண்ட்பால் விளையாடக் கூப்பிடுறார், சின்னவர் ஏர்சாஃப்ட்தான் திறம் எண்டுறார். ரெண்டும் ஒண்டுதானே?
- வாசகர், கொக்குவில்

பதில்: இல்லைத் தம்பி. ரெண்டும் துவக்கால ஆளையாள் சுட்டு விளையாடுறதுதான், ஆனா குண்டு வேற. பெயிண்ட்பால் குண்டு எண்டுறது மீன் எண்ணெய் குளிசை மாதிரித்தான், அதே ஜெலட்டின் தோல், உள்ளுக்க கழுவினாப் போற சாயம், அகலம் 17 மில்லிமீட்டர் வரும், பட்டா உடைஞ்சு சேட்டெல்லாம் நிறம், பிறகு படேல்லை எண்டு ஒருத்தரும் அலாப்பேலாது. (எங்கட மாரிக்காலத்தில டப்பாவைத் திறந்து வைச்சா ஈரத்தில ஊதிப்போகும், சுட்டா நேராப் போகாது.) 1981இல அமெரிக்காவில 12 பேர் காட்டுக்க, மரத்துக்கு அடையாளம் போடுற துவக்கால விளையாடினதுதான் தொடக்கம்.

ஏர்சாஃப்ட் ஜப்பான்காரற்ற. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மணி, அடையாளம் ஒண்டும் விழாது, பட்டவர் தானாக் கையைத் தூக்கி "பட்டிட்டு" எண்டு சொல்லோணும், அங்கதான் சண்டையே வாறது, கிளித்தட்டில தொட்டது தொடேல்லை எண்டு கத்தின எங்களுக்குத் தெரியாததே! மணி மலிவு, நோவும் குறைவு. பெயிண்ட்பால் கிட்டவா நிண்டு பட்டா தொடையில நாவல்பழ நிறத்தில கண்டிப்போய் ஒரு கிழமை கிடக்கும். ரெண்டிலயும் கண்ணுக்குக் காப்பு இல்லாம இறங்கவே கூடாது.

முதல்தரம் எண்டா மூத்த மச்சானோட போங்கோ, பட்டதோ இல்லையோ எண்டு சண்டை வராது. இன்னுமொண்டு, ஏர்சாஃப்ட் துவக்கு பாக்க அசல் மாதிரியே இருக்கும், ஆசைப்பட்டு பெட்டிக்க வைச்சு ஊருக்குக் கொண்டு வந்திடாதேங்கோ, கட்டுநாயக்கா எயார்போட்டில ஆர் பதில் சொல்லுறது?