பையைக் குத்துவது வேறு, ஆளைக் குத்துவது வேறு
வாசகர் கேள்வி பதில்

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறோம்.

ஆறு மாதமாகப் பையில் குத்திப் பழகுகிறேன். நான் குத்தினால் பை கூரையோடு ஆடும். போன வாரம்தான் முதல் ஸ்பாரிங் (ஆளோடு மோதிப் பழகுவது). எதிரே நின்றவர் என்னைவிட ஒல்லி. ஒரு நிமிடத்திலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, ஒரு குத்துகூட ஒழுங்காக விழவில்லை. ஆறு மாதமும் வீணா?

வீணில்லை. ஆனால் இதுவரை கற்றது பாதிதான். பை நகராது, திருப்பிக் குத்தாது, நீங்கள் கால் ஊன்றித் தயாராகும்வரை பொறுமையாகத் தொங்கும். குத்தை எப்படி விடுவது என்று அது சொல்லித்தரும். எப்போது விடுவது, எவ்வளவு தூரத்திலிருந்து விடுவது என்பதைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அவர் அரை அடி பின்னால் நகர்ந்தாலே உங்கள் குத்து காற்றில் போகும். பையில் பட்ட குத்தைவிடக் காற்றில் போன குத்துதான் ஆளை அதிகம் களைக்க வைக்கும்.

மூச்சு வாங்கியதற்கு உடம்பில் வலு இல்லை என்று நினைக்காதீர்கள். பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களும் முதல் ஸ்பாரிங்கில் ஒரே நிமிடத்தில் தொய்ந்துபோவார்கள். பயத்தில் அட்ரினலின் ஏறும், தோள் காதுவரை தூக்கிக்கொள்ளும், மூச்சை உள்ளேயே அடக்கிக்கொள்வீர்கள். அதோடு ஒவ்வொரு குத்தும் கடைசிக் குத்து போல முழு பலத்தோடு போகும். மூச்சை அடக்குவதுதான் இவற்றில் பெரிய எதிரி. குத்தும்போது பல்லிடுக்கு வழியாக 'ஸ்' என்று சுருக்கமாக விடுங்கள். நாலு குத்துக்கு நாலு 'ஸ்'. குத்து வாங்கும்போதும் அப்படியே. பையிலேயே இதைப் பழகியிருக்க வேண்டும். அநேகமாக யாரும் பழகுவதில்லை.

அடுத்து, ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) போட்ட கை எந்த வழியாகத் திரும்புகிறது என்று யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது நேராகக் கன்னத்துக்கு வராது. மார்பு உயரத்துக்கு இறங்கி, அங்கிருந்து வளைந்து மேலே ஏறும். அந்த இறங்கி ஏறும் இடைவெளியில்தான் எதிராளியின் வலது கை உள்ளே வரும். பை இந்தத் தவற்றுக்கு ஒருநாளும் தண்டனை தந்திருக்காது. ஆறு மாதம் பழகிய தவறு அது, அதனால் திருத்தவும் நாளாகும். குத்து வரும்போது கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்வதும், மோவாயை உயர்த்தியபடி நேர்கோட்டில் பின்வாங்குவதும் இதே ரகம்.

அடுத்த நாலு வாரம் இப்படிப் போங்கள். முதல் வாரம் 2 நிமிட ரவுண்டு மூன்று, இடையில் 1 நிமிட ஓய்வு. ஒருவர் ஜாப் மட்டும், மற்றவர் தடுப்பது மட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் இருவருக்கும் ஜாப் மட்டும். மூன்றாம் வாரம் வலது கையையும் உடம்புக் குத்தையும் சேருங்கள். நாலாம் வாரம் எல்லாம் உண்டு, ஆனால் 30 சதவீத பலம்தான். 16 அவுன்ஸ் கிளவுஸ், கைக்கட்டு, பல் கவசம் மூன்றும் இல்லாமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம். 30 சதவீதம் என்றால் என்ன என்று சண்டை வரும். அளவு சுலபம்: நெற்றியில் பட்டால் தலை பின்னால் போகக் கூடாது.

இன்னொன்று. ஸ்பாரிங்கில் பலம் ஏலம் போல ஏறும். நீங்கள் கொஞ்சம் ஓங்கிக் குத்தினால் அவர் இன்னும் கொஞ்சம் ஓங்குவார். இருவருமே 'அவர்தான் ஆரம்பித்தார்' என்று உண்மையாகவே நம்புவார்கள். அப்போது கையைத் தாழ்த்தி, 'மெதுவாப் போவோம்' என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். சண்டைப் பயிற்சி குணத்தை வளர்க்கிறது என்று சொல்வார்களே, அதில் பாதி இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகுவதுதான்.

எங்கள் மாஸ்டர் சொல்லித்தரும் நுட்பங்கள் உயிருக்கே ஆபத்தானவை. கண், தொண்டை, மர்ம இடங்கள். அதனால் எங்களிடம் ஸ்பாரிங் கிடையாது. விதிகளுக்குள் விளையாடும் குத்துச்சண்டையைவிட இது மேலானது அல்லவா?

இதே வாதத்துக்கு 1882-லேயே ஜப்பானில் ஒருவர் செயலில் பதில் சொல்லிவிட்டார். ஜிகோரோ கானோ ஜூடோவை உருவாக்கியபோது, ஜப்பானின் பழைய சண்டைக் கலையான ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளை முறைப்படி செய்து காட்டும் 'காத்தா'வுக்குள் ஒதுக்கினார். முழு பலத்தோடு எதிர்ப்பவர் மேலும் போட்டுப் பழகக்கூடிய எறிதல்களையும் பிடிகளையும் 'ராண்டோரி' என்ற தடையற்ற பயிற்சியின் மையத்தில் வைத்தார். நூறு முறை எதிர்ப்பை மீறிப் போட்டுப் பழகிய ஒரு எறிதல், ஒருமுறைகூட நிஜமாகப் போட்டுப் பார்க்காத ஆயிரம் 'மரண அடி'களைவிட நம்பகமானது. எளிமையான கணக்கு, ஆனால் ஏற்றுக்கொள்ளத்தான் மனசு வருவதில்லை.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த, பல சண்டைக் கலைகளின் வீரர்கள் மோதும் முதல் யுஎஃப்சி போட்டியும் இதைக் காட்டியது. சுமார் 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி, தரையில் மடக்கிப் பூட்டுப் போடும் கலையான ஜியு-ஜிட்சுவை வைத்து ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்தார். அவர்களில் ஒரு குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். தரையில் கிடத்தப்பட்டதும் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் குத்துச்சண்டையில் தேர்ந்தவர்தான். தரையில் ஒருவர் மேலே ஏறி உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதைத்தான் அவர் பழகியிருக்கவில்லை.

கண்ணில் குத்துவதைப் பற்றி: கண் சின்ன இலக்கு, அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும் தலையில் இருக்கிறது. ஒரு வருடம் குத்துச்சண்டை பழகியவரிடம் போய், அவர் தடுத்து நகர, ஒரு நிமிடத்தில் அவர் நெற்றியைத் திறந்த கையால் எத்தனை முறை தொட முடிகிறது என்று பாருங்கள். நெற்றியைத் தொட முடியாத கை கண்ணைத் தேடிப் போய் என்ன பயன்? தரையில் விழுந்துவிட்டால் இன்னும் மோசம். மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் விரல்கள் உண்டு, அவருக்குத்தான் எட்டும்.

உங்கள் மாஸ்டரிடம் பாசம் இருந்தால் அங்கேயே தொடருங்கள். கூடவே வாரத்தில் இரண்டு நாள் ஜூடோவோ மல்யுத்தமோ பழகுங்கள். ஆறு மாதத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உங்களுக்கே தெரியும்.

கத்தியைப் பறிக்கும் நுட்பம் ஒன்று இணையத்தில் பார்த்துப் பழகினோம். பத்துக்குப் பத்து சரியாக வருகிறது.

வரும். உங்கள் நண்பர் ஒரே ஒரு குத்தை விட்டு, கையை நீட்டியபடியே சிலையாக நிற்பதால் வருகிறது. இப்படிச் செய்து பாருங்கள். பழைய வெள்ளை பனியன் ஒன்று, கத்திக்குப் பதிலாகக் கழுவினால் போகும் மார்க்கர் பேனா ஒன்று, இருவருக்கும் கண் பாதுகாப்புக் கண்ணாடி. நண்பரிடம் இரண்டே நிபந்தனை சொல்லுங்கள்: குத்திய கையை உடனே இழுத்து மறுபடி குத்த வேண்டும், மற்ற கையால் உங்கள் சட்டையையோ கையையோ பிடித்துக்கொள்ளலாம். முகத்தில் குத்த வேண்டாம். நேரம் 10 விநாடி. முடிந்ததும் பனியனைக் கழற்றி மேஜை மேல் விரித்து மைக்கோடுகளை எண்ணுங்கள். வயிற்றிலும், அக்குளுக்குக் கீழும், தடுத்த முன்கையின் உள்பக்கத்திலும் இருக்கும். கத்தியைப் பறித்த தடவைகளிலும் இருக்கும். பிறகு அதே சோதனையை, தொடங்கும்போதே திரும்பி ஓடலாம் என்ற அனுமதியோடு செய்யுங்கள். எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

என் மகனுக்கு 13 வயது. பள்ளியில் அடிக்கடி அடிதடி. குத்துச்சண்டையில் சேர்த்தால் அடங்குவான் என்கிறார்கள். இன்னும் முரடனாகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயத்துக்கு இடம் இருக்கிறது, அம்மா. 'ரிங்கில் இறங்கினால் தானாக ஒழுக்கம் வந்துவிடும்' என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. நார்வேயில் பதின்பருவச் சிறுவர்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல் போன்றவற்றில் சேர்ந்தவர்களிடம் அடாவடி நடத்தை கூடியதாகக் கண்டார்கள். 1986-ல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு, வம்பு வழக்குகளில் சிக்கிய சிறுவர்களை வைத்து நடந்தது. மரியாதை, தியானம், பொறுப்பு எல்லாம் சேர்த்து, கொரியச் சண்டைக் கலையான டேக்வாண்டோ கற்றவர்களிடம் ஆக்ரோஷம் குறைந்தது. சண்டை நுட்பத்தை மட்டும் கற்றவர்களிடம் கூடியது. ஆக, எந்தக் கலை என்பதைவிட எந்த கோச் என்பதுதான் கேள்வி.

சேர்க்கும் முன் இரண்டு வகுப்புகளை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்றால் அந்த இடமே வேண்டாம். பெரிய பையனும் சின்னப் பையனும் ஸ்பாரிங் செய்யும்போது பெரியவன் பலத்தைக் குறைக்கிறானா, குறைக்காவிட்டால் கோச் உடனே நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். புதிதாக வந்தவனை முதல் வாரமே 'சோதிக்க' விடும் இடங்கள் உண்டு; அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மூக்கில் ரத்தம் வந்தவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்களா, துண்டு எடுத்து வருகிறார்களா என்பதும் நிறைய சொல்லும். வெளியே சண்டை போட்டால் என்ன நடவடிக்கை என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

உங்கள் மகனுக்கு முதல் ஓராண்டு ஜூடோ அல்லது மல்யுத்தம் நல்லது என்பது எங்கள் கருத்து. தலையில் அடி குறைவு. கோபத்தை வைத்து ஜெயிக்க முடியாது என்பதும் சீக்கிரம் புரியும். கோபமாகத் தள்ளுகிறவனை அவன் தள்ளும் திசையிலேயே இழுத்து எறிவது ஜூடோவில் அரிச்சுவடிப் பாடம். தன்னைவிட எடை குறைந்த ஒரு பெண் தன்னைப் பத்து முறை மேட்டில் (பயிற்சி விரிப்பில்) போடும்போது, பள்ளியில் தான் பெரிய சண்டியர் என்ற எண்ணம் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். பத்தாவது முறை விழுந்ததும் எழுந்து, கைகொடுத்து, 'இதை எப்படிப் போட்டே?' என்று கேட்டானானால் சரியான இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள்.

தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடைசிவரை தாங்குவதுதானே வீரம்?

பின்னாலிருந்து போடும் கழுத்துப் பூட்டில் கழுத்தின் இருபக்கத் தமனிகளும் சரியாக அழுந்தினால், சுமார் 10 விநாடியில் நினைவு போய்விடும். தாங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. குதிகாலைப் பிடித்து முழங்காலைத் திருகும் பூட்டு இன்னும் மோசமானது; பலமாக வலிப்பதற்குள் மூட்டு ஜவ்வு கிழிந்திருக்கும். பூட்டு முழுதாக விழுந்து, தப்பிக்க வழி தெரியவில்லை என்றால் உடனே தட்டுங்கள். எதிராளி உடம்பில், அவருக்கு உறைக்கும்படி, இரண்டு மூன்று முறை. கை சிக்கியிருந்தால் வாயால் சொல்லுங்கள். தட்டியதும் விடாதவரோடு மறுபடி பயிற்சி செய்யாதீர்கள், அவர் எத்தனை சீனியராக இருந்தாலும் சரி. ஒரு மாலையில் எட்டு முறை தட்டியவர் எட்டு பாடம் கற்றிருக்கிறார். தட்டாதவர் இரண்டு மாதம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டுக்கொண்டால் தலைக்குப் பயமில்லைதானே?

கிழிவும் வீக்கமும் குறையும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013 முதல் மூத்த ஆண்கள் அது இல்லாமலே மோதத் தொடங்கினார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். பயிற்சியில் போட்டுக்கொள்வது நல்லதே. ஆனால் அதை நம்பி ஓங்கிக் குத்தக் கூடாது.

அடிபட்டபின் தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே மறுபடி கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. 'அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தா சரியாயிடும்' என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, லேசான நடை போதும். பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு: மெதுவான ஓட்டம், நிழல் குத்து (காற்றில் குத்திப் பழகுவது), பை. ஸ்பாரிங் கடைசியில்தான், அதுவும் மருத்துவர் சரி என்றபின். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, ஆள் தூங்கி வழிந்தாலோ வீட்டுக்கு அனுப்பாமல் நேராக மருத்துவமனை.

எத்தனை வருடம் பழகினால் தெருவில் மூன்று பேரைச் சமாளிக்கலாம்?

பயிற்சிக் கூடத்திலேயே கேட்டுப் பாருங்கள். உங்கள் அளவுள்ள, உங்கள் அனுபவமுள்ள இரண்டே பேர், லேசான பலம், ஒரு நிமிடம். ஒருவர் உங்களைக் கட்டிப்பிடித்த அடுத்த கணம் மற்றவர் பக்கவாட்டில் நிற்பார். தெருவில் கிளவுஸும் இல்லை, மேட்டும் இல்லை. வெறும் முஷ்டியால் மண்டையில் குத்துகிறவர்களுக்குச் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிவது மிகச் சாதாரணம். 'பாக்ஸர் முறிவு' என்றே அதற்குப் பெயர். தள்ளிவிடப்பட்டவரின் பின்மண்டை தரையில் மோதி உயிர் போனால், தள்ளியவர் கொலை வழக்கில்கூட நிற்க நேரிடலாம். இதெல்லாம் தெரிந்தவர்கள் பர்ஸைக் கொடுத்துவிட்டு நடக்கிறார்கள்.

மேட்டில் பயிற்சி செய்பவர்களுக்குப் படர்தாமரை வருகிறதே, என்ன செய்வது?

பயிற்சி முடிந்த உடனே சோப்பு போட்டுக் குளியுங்கள், வீட்டுக்குப் போய் அப்புறம் என்று தள்ளாதீர்கள். உடையை ஒருமுறை போட்டதும் துவையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெறுங்காலோடு கழிவறைக்குப் போய்விட்டு மேட்டில் ஏறாதீர்கள். மேட்டைத் தினமும் கிருமிநாசினியால் துடைக்கிறார்களா என்று பாருங்கள். வட்டமாகச் சிவந்து அரித்தால் மருத்துவர் சொல்லும் பூஞ்சைக் களிம்பைப் போட்டு, அவர் அனுமதிக்கும்வரை மேட்டுக்கு வராதீர்கள். உங்களிடமிருந்து மற்றவர்களுக்கும் ஒட்டும்.