1102-இல் இறந்தவர் 1135-இல் எப்படி அரசரானார்?

நண்பரே, உங்கள் கட்டுரைக் குறிப்பில் ப்ளுவா ஸ்டீபன் பற்றிய இந்த இரு ஆண்டுகளும் முரண்படுவதாகக் கேட்டீர்கள்; தவறில்லை. ப்ளுவா ஸ்டீபன் 1102-இல் எருசலேமுக்கு அருகே ரம்லா போரில் இறந்தார் என்பதும், 1135-இல் ப்ளுவா ஸ்டீபன் இங்கிலாந்துக்கு அரசரானார் என்பதும் இரண்டுமே சரி. முதலாமவர் தந்தை, இரண்டாமவர் மகன். கட்டுரையில் தந்தையை 'ஸ்டீபன் ஹென்றி' என்று எழுதிவிடுங்கள், குழப்பம் தீரும்.

தந்தை பிரான்சின் ப்ளுவா பகுதிப் பிரபு. மனைவி அடேலா, இங்கிலாந்தை வென்ற வில்லியமின் மகள். மகனுக்கு அரியணை உரிமை வந்தது இந்தத் தாய் வழியில்தான்.

எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்ற ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் நடத்திய முதல் சிலுவைப்போரிலிருந்து மனைவிக்குத் தந்தை எழுதிய கடிதங்களைக் கட்டுரையில் அவசியம் சேர்த்துவிடுங்கள். 1097-இல் இன்றைய துருக்கியிலுள்ள நைசியாவிலிருந்து, வழியிலுள்ள கோட்டை நகரமான அந்தியோக்கியா தடுக்காவிட்டால் ஐந்தே வாரத்தில் எருசலேமை அடைவோம் என்று எழுதினார். அந்தியோக்கியா தடுத்தது, எட்டு மாதம். 1098 ஜூன் 2 அன்று அவர் முற்றுகையை விட்டுக் கிளம்பினார். அன்றிரவே நகரம் சிலுவைப் படையிடம் வீழ்ந்தது. வழியில் பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோசைச் சந்தித்து, இனி நம்பிக்கையில்லை என்றார். உதவிக்கு வந்துகொண்டிருந்த பேரரசரும் திரும்பிவிட்டார். கோழை என்ற பெயர் நிலைத்தது இதனால்தான்.

ஆனால் அத்தோடு நிறுத்தினால் அவருக்கு அநீதி. 1101-இல் மீண்டும் கிழக்கே போனார்; அடேலாவின் வற்புறுத்தலே காரணம் என்கிறார் வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸ். எருசலேமை அடைந்த பிறகே ரம்லாவில் மடிந்தார்.