பார்க்கிங் கிடைக்கும் ஊர்

கேள்வி: கம்பெனியில் நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ் என்று நான்கு ஊர்களைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் மனைவி, ஒன்பது வயது மகள், வருடத்தில் பாதி நாள் வந்து தங்கும் என் பெற்றோர். வாடகை, வானிலை, பள்ளிக்கூடம், பார்க்கிங் வசதி எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, குடியிருக்கச் சிறந்த ஊர் எது என்று சொல்வீர்களா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், டல்லாஸ்)

பதில்: மார்க் போடுகிற வேலையை நான் ஏற்பதில்லை. 'வாழத் தகுந்த பத்து நகரங்கள்' என்று வருடா வருடம் பட்டியல் போடுகிறவர்களை இந்தப் பக்கத்தில் போதுமான அளவு திட்டியாகிவிட்டது. அவர்களில் ஒருவராவது முதலிடம் பிடித்த ஊருக்குக் குடிபோனதாகத் தகவல் இல்லை.

வாடகை இணையத்தில் கிடைக்கும். வானிலைக்கு ஜன்னல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மகள் படித்துவிடுவாள். ஆனால் கடைசியாக, போகிற போக்கில், 'பார்க்கிங் வசதி' என்று ஒன்றைப் போட்டீர்கள் பாருங்கள். இனி இந்தப் பக்கம் முழுக்க அதுதான். மற்ற வாசகர்கள் உங்களைச் சபித்துக்கொள்ளட்டும்.

பார்க்கிங் மீட்டரைக் கொண்டுவந்த புண்ணியவான் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பது உங்களுக்குத் தெரியுமா? கார்ல் மெகீ என்று பெயர். நியூ மெக்ஸிகோவில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். 'டீப்பாட் டோம்' எண்ணெய் ஊழலை வெளியே இழுத்துப் போட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1925-ல் ஒரு ஹோட்டலில் நீதிபதி ஒருவர் இவர்மேல் பாய, இவர் துப்பாக்கியை எடுக்க, குண்டு யாரோ ஒரு மூன்றாம் மனிதரின் உயிரைக் குடித்தது. வழக்கிலிருந்து விடுதலையாகி ஓக்லஹோமா சிட்டிக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் 1935 ஜூலையில் முதல் மீட்டர் நின்றது, மணிக்கு ஐந்து சென்ட். மந்திரி ஒருவரைச் சிறைவரை கொண்டுபோய் விட்ட ஊழல் கதையில் அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. தெருவில் நட்ட கம்பம்தான் நிற்கிறது. ஆசிரியர்களுக்கு வாய்க்கும் புகழ் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

லாஸ் ஏஞ்சலிஸ் வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது. உங்கள் ஊரில் நடந்து போகிறவனைப் பார்த்தால் 'பாவம், வண்டி பஞ்சர்' என்று நினைப்பார்கள் என எப்போதோ எழுதினேன். அன்றைக்கு 'டூ' விட்டவர்கள் இன்னும் 'பழம்' விடவில்லை. இன்றும் விடமாட்டார்கள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2025-ல் காலமானார். ஆயுசின் பெரும்பகுதியை பார்க்கிங் ஆராய்ச்சியில் கழித்தவர். அவர் மட்டும் சைக்கிளில் போய் வந்தார்! வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற பதினைந்து பிளாக் பகுதியில், இடம் தேடிச் சுற்றுகிற கார்கள் ஒரு வருடத்தில் ஓடும் தூரத்தைக் கணக்கெடுத்தார். 9,50,000 மைல். பூமியை 38 தடவை வலம் வரலாம். அத்தனையும் காரை விட ஓர் இடம் கிடைக்குமா என்பதற்காக.

அந்த ஊரின் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி கச்சேரி மண்டபம் 2003-ல் திறந்தது. அதன் அடியில் இருக்கும் ஆறு தள கார் நிறுத்துமிடம் திறந்தது 1996-ல். கச்சேரிக்கு ஏழு வருடம் முன்பே கார்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. கட்ட வாங்கிய கடன் 11 கோடி டாலர். அதை அடைப்பதற்காக, குளிர்காலத்தில் குறைந்தது 128 கச்சேரி நடத்தியாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்களாம். ஷூப் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. வயலின்காரர் வாசிப்பது ரசிகருக்காக என்று நினைத்திருந்தேன். கீழே நிற்கிற டொயோட்டாவுக்காகவும்தான்.

ஹூஸ்டனில் இந்தத் தொல்லை இல்லை. கார் நிறுத்த இடம் தாராளம். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்ற மண்டலச் சட்டமே வேண்டாம் என்று அந்த ஊர் மக்கள் 1948, 1962, 1993 என மூன்று தடவை ஓட்டுப் போட்டு விரட்டியவர்கள். அங்கே கேட்டி ஃப்ரீவேயை விரிவாக்கி 2008-ல் முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன். சில வருடங்களிலேயே நெரிசல் நேரப் பயணம் முன்னைவிட நீண்டது. (சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு இருக்கும் பழைய வழக்கை இங்கே திறக்கப் போவதில்லை. உதவி ஆசிரியர் ஏற்கனவே பேனாவை மூடிவிட்டார்.) நடுநகரில் வெயிலுக்குப் பயந்து மனிதர்கள் பூமிக்கடியில் நடக்கிறார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் ஆறு மைல் சுரங்கப்பாதை. மேலே கார்களுக்கு வெயில், கீழே மனிதர்களுக்கு ஏசி.

பக்கத்திலேயே பியர்லேண்டில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, கோபுரமும் குளமுமாக நம் ஊர்க் களை. உங்கள் அம்மாவுக்கு ஆடி வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் போய்விடலாமா? அன்று மகனுக்கு மீட்டிங் இருக்கக் கூடாது. மருமகளுக்கும் இருக்கக் கூடாது. அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் அம்மனின் தரிசன நேரத்தை நிர்ணயிப்பது குருக்கள் இல்லை, அவுட்லுக் காலண்டர்தான்.

உங்கள் கேள்வியில் வீட்டில் ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். லைசென்ஸ் இருப்பது அநேகமாக இரண்டு பேருக்கு. மார்க் கேட்பது அந்த இரண்டு பேருக்காக மட்டும். மீதி மூன்று பேர் இன்னொருவர் சாவியை எடுக்கும்வரை சோபாவில் காத்திருக்கப் போகிறவர்கள். மகளுக்காவது பதினாறு வயதில் விடுதலை. அப்பாவுக்கு?

நியூயார்க்குக்கு வருவோம். பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் கார் கிடையாது. கார் வைத்திருக்கிற பாவிகள், தெருப் பெருக்கும் வண்டிக்கு வழிவிட இன்ன கிழமையில் இந்தப் பக்கம், இன்ன கிழமையில் அந்தப் பக்கம் என்று வண்டியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பண்டிகை நாட்களில் மட்டும் விலக்கு. அதில் தீபாவளியும் உண்டு. அங்கே தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை என்று 2023-ல்தான் சட்டம் வந்தது. அதற்குப் பல வருடம் முன்பே, காரை அன்றைக்கு நகர்த்த வேண்டாம் என்ற சலுகை வந்துவிட்டது. மீட்டரில் காசு போட வேண்டியதுதான், அதற்கு லட்சுமி கடாட்சம் எடுபடாது. 2025 ஜனவரியிலிருந்து மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே காரில் நுழைந்தாலே பகலில் ஒன்பது டாலர். பிரமாதமான ஏற்பாடு என்பேன். ஃப்ளஷிங் பிள்ளையாரைப் பார்க்க 7-ஆம் நம்பர் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால், பிறகு நடக்கிற தூரம்தான். தரிசனம் முடித்துக் கேன்டீனில் தோசையும் சாப்பிட்டு, யார் காரையும் எதிர்பார்க்காமல் உங்கள் அப்பா வீடு திரும்பலாம். வீடு என்று ஒன்று அங்கே கட்டுப்படியானால்.

மிச்சம் சிகாகோ. விவேகானந்தரை இழுப்பேன் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுக. நான் இழுக்கப் போவது நாற்காலியை.

அங்கே பெரும்பனி பெய்தால், ஒருவர் தன் கார் நிற்கும் இடத்தை மணிக்கணக்காகத் தோண்டிச் சுத்தம் செய்வார். பிறகு காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார். திரும்பும்வரை இடம் யாருடையது? அவருடையதுதான். அத்தாட்சியாக ஓர் உடைந்த நாற்காலியை வைத்துவிட்டுப் போவார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துண்டு கிடக்கிற சீட்டில் உட்கார்ந்தவனின் கதி அங்கேயும் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் காற்று இறங்கிய டயர், அல்லது கார்மேல் தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியாக உறையவிட்டிருப்பார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் இஸ்திரி மேசை, பால் கிரேட், குழந்தையின் பழைய தள்ளுவண்டி என்று கைக்குக் கிடைத்ததை வைக்கிறார்கள். சட்டப்படி எல்லாம் குற்றம். மாநகராட்சி கொஞ்ச நாள் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, 'இன்ன தேதியில் வந்து அள்ளிக்கொண்டு போவோம்' என்று நாகரிகமாக அறிவிக்கும்.

இந்த நாற்காலி தர்மத்தை வெளிப்படையாகவே ஆதரித்தவர் மேயர் ரிச்சர்ட் எம். டேலி. 2008 டிசம்பரில் அதே டேலி, ஊரிலிருந்த சுமார் 36,000 மீட்டர்களை 75 வருடக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுத்தார். வந்த பணம் 115 கோடி டாலர். மாநகராட்சி மன்றம் ஒரு வாரத்துக்குள் தலையாட்டியது. கிட்டத்தட்ட இன்னொரு 100 கோடி கேட்டிருக்கலாம் என்று மாநகராட்சியின் கண்காணிப்பு அதிகாரியே மறு வருடம் அறிக்கை கொடுத்தார். இப்போது திருவிழாவுக்குத் தெருவை அடைத்தால், மீட்டர் காசு போயிற்று என்று அந்தக் கம்பெனிக்கு மாநகராட்சி நஷ்டஈடு தருகிறது. போட்ட முதலை அவர்கள் எப்போதோ எடுத்துவிட்டார்கள். குத்தகை 2083 வரை. உங்கள் மகள் பாட்டியானாலும் காசு அவர்களுக்கே.

இத்தனையும் சொல்லிவிட்டு என் ஓட்டு சிகாகோவுக்குத்தான். பார்க்கிங்குக்கு இவ்வளவு சண்டை பிடிக்கிற ஊரில், நடந்து போய்ச் சேர ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வாடகை நியூயார்க் அளவுக்குக் கழுத்தை நெரிக்காது. ஓ'ஹேர் விமானநிலையத்திலிருந்தே ஊருக்குள் ரயில், அது ராத்திரி முழுக்க ஓடுகிறது. பருப்பு, கறிவேப்பிலை வாங்க டெவன் அவென்யூவுக்கு பஸ் உண்டு. ஏரிக்கரையில் 18 மைல் நடைபாதை. குறையும் இருக்கிறது. லெமான்ட் ராமரும் அரோரா பாலாஜியும் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்க கார்தான். ஆகவே ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை, பெரிய சாலைகள் பலவற்றில் பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் விடியற்காலை 3 முதல் 7 மணிவரை வண்டி நிற்கக் கூடாது. நின்றால் இழுத்துப் போவார்கள்.

குளிர் அதிகமே என்று மறு கடிதம் போடாதீர்கள். ஆகஸ்டில் டல்லாஸில் குடியிருந்தவருக்கு வானிலையைப் பற்றிப் பேச வாயில்லை.

வீடு பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள். புரோக்கர் உங்களுக்குச் சமையலறையைத் திறந்து காட்டுகிற நேரத்தில் அவர் கீழே இறங்கி, கடையைத் தானே கண்டுபிடித்து, ஒரு கேலன் பாலோடு தனியாகத் திரும்பி வந்துவிட்டால், அட்வான்ஸைக் கொடுத்துவிடலாம்.